கடை ஊழியர் சிரிக்க வேண்டுமென்றால் முதலில் உட்காரச் சொல்லுங்கள்

ஊழியர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது எப்படி என்று மேலாளர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக், மாதம் ஒரு கோலப்போட்டி, சுவரில் பொன்மொழி என்று போகிறது பாடம். ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. காலையில் வந்து இரவு கடை சாத்தும்வரை கால்கடுக்க நிற்கிற பெண், அந்தக் கேக்கையும் நின்றபடியேதான் சாப்பிடுகிறாள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் போராடியது கழிப்பறைக்காக. தையல் தொழிலாளியான விஜியின் முன்முயற்சியில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பு அவர்களைத் திரட்டியது. பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர்களை நிற்க வைக்கக் கூடாது என்கிறது அது. உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. காலில் நரம்பு சுருண்டு வீங்குவதும், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் இருந்து நோய் வாங்குவதும் எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்தவை.

ஆனால் நாற்காலி வாங்கிப் போட்டால் மட்டும் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். மேலாளர் ஒருமுறை முறைத்தால் போதும், அந்த நாற்காலி சேலைப் பெட்டி வைக்கும் இடமாகிவிடும். “கூட்டம் இல்லாதபோது உட்காருங்கள் அக்கா, ஆள் வந்தால் எழுந்தால் போதும்” என்று பொறுப்பில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதும் நம்பமாட்டார்கள். முதலாளி மாடி ஏறி வரும்போது உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தவர் உட்காருவார்.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தொழிலதிபர்களுக்குப் பாடம் நடத்தியவர். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த 14 நெறிகளில் எட்டாவது, பணியிடத்திலிருந்து பயத்தை விரட்டுவது. அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் விருதைச் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது. பிரேக் செய்கிற ஆலைக்கு அது சரி, ஜவுளிக்கடைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் அலமாரியின் அடித்தட்டைப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிற கடையில், கறைபட்ட சேலையும் இழை இழுத்த சேலையும் அடுக்கின் அடியில்தான் கிடக்கும். கல்யாண வீட்டார் முன்னால் அதை விரிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பிடித்தம் கிடையாது, உடனே எடுத்துவந்து காட்டினால் போதும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் சேலையும் தப்பும், அந்தப் பெண்ணுக்கும் இரவில் தூக்கம் வரும்.

யார் அதிகம் விற்றது, யார் குறைவாக விற்றது என்று பெயர் போட்டுப் பலகையில் எழுதுவதையும் அறவே வெறுக்கிறேன். ஊழியர்களை இப்படித் தரவரிசைப்படுத்துவது வேலையிலுள்ள மகிழ்ச்சியைக் கொன்றுவிடும் என்பது டெமிங்கின் வாதம். பலகை தொங்கும் மாடியில் வாடிக்கையாளர் ஏறி வந்ததும் இரண்டு பேர் பாய்வார்கள். பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் நல்ல சேலையை ஒருவரும் எடுத்துக் காட்டமாட்டார்கள்.

இந்த வேலையில் மகிழ்ச்சி ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பட்டுப் பிரிவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். வந்தவர்கள் விலையைக் கேட்கிற தொனியிலேயே எவ்வளவு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குமேல் ஒரு ரூபாய் கூடுதலான சேலையைக்கூட விரித்து அவர்களைக் கூச வைக்கமாட்டார். முந்தானையைத் தன் தோளில் போட்டு, கரை வெளிச்சத்தில் படும்படி லேசாகத் திரும்பி நிற்பார். பில் போட்ட பிறகும் விடமாட்டார். “ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைக்காதீங்கம்மா, மடிப்புக் கோட்டில் சரிகை இற்றுப்போகும்” என்று சொல்லி மாற்றி மடித்தும் காட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிகிற நிறைவை எந்தப் போட்டி நடத்தியும் வரவழைக்க முடியாது. குறுக்கே போய் “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டாமல் இருந்தாலே மேலாளர் தன் கடமையில் பாதியைச் செய்தவராவார். மீதிப் பாதி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அந்த அக்கா பக்கத்தில் நிறுத்துவது.

ஒன்றும் விற்காத கவுண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைபோல விரித்துப்போட வைத்துவிட்டு, “வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்” என்று எழுந்து போவார்கள். அத்தனையையும் கோடு பிசகாமல் திரும்ப மடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் “ஏன் ஒன்றுகூடத் தள்ளவில்லை?” என்று கேட்கிற மேலாளர், தானும் இரண்டு சேலையை எடுத்து மடிக்க உட்கார்ந்தால் அந்த மாடியின் காற்றே மாறிவிடும். நான் மடிக்கிறேன். பேச்சுவாக்கில் ஊழியர்கள் சொல்வதிலிருந்துதான் எந்த நிறம் போகிறது, எந்தக் கரையைப் பார்த்து வாடிக்கையாளர்கள் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிகிறது.

போனஸைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது சட்டம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு அதை அன்பளிப்புபோலப் பேசக் கூடாது, அவ்வளவுதான். அதைவிட, வார விடுமுறை எந்த நாள் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் அந்தப் பெண் கடைசி நாள்வரை கெஞ்சிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தீபாவளிக்கு ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவோம். கடை வைத்திருப்பவர்களும் மாடி பார்க்கிறவர்களும் இந்தமுறை அந்தச் செலவுப் பட்டியலிலேயே கவுண்டருக்கு இரண்டு முக்காலி, ஊழியர் கழிப்பறைக்குத் தனியாக ஒரு துப்புரவாளர், இரவு கடைசிப் பஸ்ஸைத் தவறவிடுகிற பெண்களுக்கு ஒரு வேன் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். அலங்கார விளக்குக்கு ஒதுக்கும் தொகையில் கொஞ்சம் குறைத்தால் போதும், பணம் கிடைத்துவிடும்.