சித்தப்பாவின் ஃபார்வர்டும் 45 குருவிகளும்

நேற்றுக் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். ரோஜாப்பூ படம், கீழே மஞ்சள் எழுத்தில்: 'தினமும் 8 பேரைக் கட்டிப்பிடியுங்கள், ஆக்சிடோசின் சுரக்கும், மூளையில் புது செல்கள் முளைக்கும்.' ஆக்சிடோசின் என்பது பாச ஹார்மோன் என்று பேர் வாங்கியது. அத்தை உடனே இரண்டு கும்பிடு வைத்தார். சித்தி போன பிறகு சித்தப்பா தனியாகத்தான் இருக்கிறார். தினமும் 8 பேருக்கு அவர் எங்கே போவார்?

பொய் என்று ஒற்றை வார்த்தையில் பதில் போடக் கை பரபரத்தது. போடவில்லை. ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. அதில் உண்மையாக இருக்கிற பாதி, ஃபார்வர்டை விட எவ்வளவோ சுவாரசியமானது.

வளர்ந்த மூளையில் புது நியூரான், அதாவது நரம்பு செல், பிறக்காது, இருப்பது குறையுமே தவிரக் கூடாது என்றுதான் நாங்கள் படித்தோம். இத்தனைக்கும் 1962-லேயே ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புது நியூரான்கள் உருவாகின்றனவா என்று கேட்டு எழுதிவிட்டார். 1965-ல் கோபால் தாஸோடு சேர்ந்து, எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அதற்கான ஆதாரத்தையும் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் கதவைத் தட்டித் திறந்தது ஒரு பறவை.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டெபோம் என்பவர் கேனரிப் பறவைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேனரியில் பாடகர் ஆண்தான். பாட்டுக்கென்று அதன் மூளையில் தனி இடங்கள் உண்டு, அவை வசந்தத்தில் பருத்து, பாட்டுக் காலம் முடிந்ததும் சுருங்கும். 1983-ல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மனும் பெண் கேனரிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்து, புதிதாகப் பிறக்கும் செல்களில் கதிரியக்க அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். பாட்டுப் பகுதியில் புது நியூரான்கள் இருந்தன. சரி, ஹார்மோன் வேலை செய்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஹார்மோன் கொடுக்காத பெண் பறவைகளிலும் அவை தாராளமாக இருந்தன!

அப்படியானால் அந்த ஹார்மோனுக்கு என்னதான் வேலை? 1994-ல் அதே ஆய்வகத்திலிருந்து ஒரு பதில் வந்தது. பிறந்த நியூரான்கள் இடம் பிடித்துப் பிழைத்து நிற்பதற்குத்தான் டெஸ்டோஸ்டிரோன் கை கொடுக்கிறது. நாற்று விடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். முளைப்பது ஒரு கணக்கு, நட்ட பிறகு வேர் பிடிப்பது வேறு கணக்கு. 2000-ல் இன்னொன்றும் தெரிந்தது. ஆண் கேனரி எவ்வளவு பாடுகிறதோ அதற்கேற்ப அதன் மூளையில் பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடுகிறது, புது நியூரான்கள் பிழைப்பதும் கூடுகிறது. ஆக, ஹார்மோன் மட்டும் அல்ல, பாடுகிற செயலே நியூரானுக்குச் சோறு போடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 2002-ல் வந்த ஆய்வு. வளர்ந்த ஆண் ஜீப்ரா ஃபின்ச் குருவிகளில் சிலவற்றைத் தனியாக விட்டார்கள், சிலவற்றை ஒரே ஒரு துணையோடு, சிலவற்றை 45 குருவிகள் இருக்கும் பெரிய கூண்டில். கூட்டத்துக்குள் போனவற்றின் முன்மூளையில்தான் புது நியூரான்கள் அதிகம் பிழைத்திருந்தன. யார் குரல் எது, யாரோடு வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது, யார் யாருக்கு ஜோடி என்று அங்கே நினைவில் வைக்க வேண்டியவை ஏராளம். ஒரு கல்யாண வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி.

அப்புறம் அப்பா எலிகளின் கதை. புரோலாக்டின் என்றால் தாய்ப்பால் ஹார்மோன் என்றுதான் நமக்குத் தெரியும். சுண்டெலிகளில் குட்டிகளோடு இருந்த அப்பாக்களின் மூளையில் புது நியூரான்கள் கூடுவதையும், அதற்கு இந்த ஹார்மோன் தேவைப்படுவதையும் கனடாவில் மேக், வைஸ் என்ற இருவர் 2010-ல் காட்டினார்கள். குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகும் தன் பிள்ளை எது என்று அந்த அப்பா அடையாளம் கண்டுகொள்கிறது. நடுவில் வலை வைத்து, வாசனை மட்டும் வரும்படி செய்தால் அது நடக்கவில்லை. ஒட்டி உரசிக் கிடந்தால்தான்.

இப்போது ஃபார்வர்டு ஆசாமிகளுக்கு வருகிறேன். இவர்களுக்கு ஹார்மோன் என்றால் ஸ்விட்ச் போர்டு. ஆக்சிடோசின் நல்ல பிள்ளை, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் வில்லன். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். வில்லன் கதைக்கும் ஆதாரம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. 1998-ல் எலிசபெத் கூல்டும் குழுவினரும் மார்மோசெட் குரங்கு ஒன்றை, வேறொரு குரங்கு ஆளும் கூண்டில் ஒரே ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பயத்திலேயே ஹிப்போகாம்பஸில் புது செல்கள் பிறப்பது குறைந்துவிட்டது. ஆனால் அதே கூல்டின் பிரின்ஸ்டன் ஆய்வகம் 2006-ல் செய்ததைப் பாருங்கள். எலிகளை 12 நாள் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். ஓடினால் எலியின் கார்டிகோஸ்டிரோன் ஏறும், அது நம் கார்டிசாலின் பங்காளி. கூட்டமாக வாழ்ந்த எலிகளுக்கும் ஏறியது, தனிக்கூண்டு எலிகளுக்கும் ஏறியது. கூட்டத்து எலிகளுக்குப் புது நியூரான்கள் கூடின. தனி எலிகளுக்கு அந்த 12 நாளில் ஒன்றும் கூடவில்லை. இன்னும் பல வாரம் ஓடிய பிறகுதான் பலன் தெரிந்தது.

அதே ஓட்டம், அதே ஹார்மோன். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஹார்மோன் என்பது தபால்காரர் மாதிரி. கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வீட்டில் என்ன நிலைமை என்று பார்க்காமல், தபால்காரரை நல்லவர் கெட்டவர் என்று பிரித்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்துகொண்டிருந்தார், கையில் ரேடியோ. நானும் கூடவே நடந்துகொண்டு குருவிக் கதையைச் சொன்னேன். எலிக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "மனுஷனுக்கு?" என்றார்.

மனுஷனுக்குத்தான் தகராறு. 2013-ல் ஸ்வீடன் குழு ஒன்று, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்துக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளுக்கு 700 புது நியூரான் என்றது. 2018-ல் ஒரு குழு, பெரியவர்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை என்றது. அடுத்த மாதமே வேறொரு குழு, முதுமையிலும் இருக்கிறது என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. இதில் 8 பேரைக் கட்டிப்பிடித்தால் எத்தனை முளைக்கும் என்று எவன் எண்ணினான்?

"எப்படித்தான் எண்ணுறாங்க?" என்றார் சித்தப்பா.

மூளையை எடுத்து மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்கள் என்றேன். மனிதர்களில் பெரும்பாலும் இறந்தவர்களின் மூளையில்தான் பார்க்க முடியும், அதனால்தான் இவ்வளவு தகராறு.

நடை நின்றது. "அப்ப அந்தக் குருவிங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அடப் பாவிகளா" என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்தார். குழுவில் அந்த ஃபார்வர்டு இன்னும் அப்படியே இருக்கிறது, கும்பிடு இப்போது ஆறு ஆகிவிட்டது.