பேத்தியின் ஒரு பக்கமும் இரண்டு சம்பந்திகளும்

(சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலம். லிந்த் ஆறும் செர்ன்ஃப் ஆறும் கூடுகிற ஷ்வாண்டன் என்னும் ஊரில் ஒரு வீட்டின் உணவு மேசை. ஒருவர் லிந்த் பள்ளத்தாக்கின் கடைக்கோடியான லிந்தாலைச் சேர்ந்தவர். மற்றவர் செர்ன்ஃப் பள்ளத்தாக்கின் கடைக்கோடியான எல்மைச் சேர்ந்தவர். முன்னவரின் மகனும் பின்னவரின் மகளும் திருமணமானபின், எந்தத் தரப்பும் குறை சொல்ல முடியாத இடம் என்று இந்த ஊரில் குடியேறினார்கள். பள்ளியில் படிக்கும் பேத்தி, "எங்கள் ஊராட்சி" என்ற தலைப்பில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரை எழுத வேண்டும். அதற்குக் குறிப்பு கேட்டுத் தாளைத் தாத்தாக்களிடம் கொடுத்துவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.)

லிந்தால்காரர்: பேனாவை என்னிடம் கொடுங்கள், சம்பந்தி. முதல் வாக்கியம் இதுதான்: "தெற்கு கிளாருஸ் என்னும் எங்கள் ஊராட்சி லிந்தாலுக்கு மேலே உள்ள பனிமலைகளில் தொடங்குகிறது."

எல்ம்காரர்: ஆறு வேண்டுமானால் அங்கே தொடங்கட்டும். ஊராட்சி தொடங்கியது 2011 ஜனவரி 1 அன்று. அதுவரை தனித்தனியாக வாழ்ந்த 13 ஊராட்சிகளைக் கலைத்து ஒன்றாக்கினார்கள் என்று எழுதிவிட்டு, அந்தப் 13 பெயர்களையும் வரிசையாக எழுதுங்கள்.

லிந்தால்காரர்: எழுதுகிறேன். லிந்தால், பிரவுன்வால்ட், ரூட்டி, பெட்ஷ்வாண்டன், லுக்சிங்கன், ஹாஸ்லன், ஷ்வாண்டன், ஷ்வெண்டி, சோல், மிட்லோடி, எங்கி, மாட், எல்ம்.

எல்ம்காரர்: எல்ம் ஏன் கடைசியில் நிற்கிறது? ஜெர்மன் அகர வரிசைப்படி எழுதினால் எங்கள் ஊர் மூன்றாவது. உங்கள் ஊர் ஆறாவது.

லிந்தால்காரர்: நான் ரயில் நிற்கும் வரிசையை மனத்தில் வைத்து எழுதினேன். உங்கள் பள்ளத்தாக்குக்கு 1905இல் வந்த ரயிலை 1969இல் நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டார்கள். ஆகையால் நீங்கள் பேருந்தில்தான் வர வேண்டும், பட்டியலிலும் பின்னால்தான் வர வேண்டும்.

எல்ம்காரர்: ரயில் போனாலும் ஊர் போகவில்லை. சரி, லுக்சிங்கனைப் பற்றியும் ஹாஸ்லனைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். லுக்சிங்கன் 2004இல்தான் இரண்டு கிராமங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஹாஸ்லன் 2006இல் வேறு இரண்டைச் சேர்த்துக்கொண்டது. புதிய பெயர்ப்பலகையில் வண்ணம் காய்வதற்குள் அவர்களையும் கலைத்துவிட்டார்கள். பழைய கணக்கில் பார்த்தால் மொத்தம் 17 கிராமங்கள்.

லிந்தால்காரர்: பெயர்களுக்கே கால் பக்கம் போய்விட்டது. இனி நிலவியலுக்கு வருவோம். இந்த ஊராட்சியின் மிக உயர்ந்த சிகரம், 3,600 மீட்டரைத் தாண்டி நிற்கும் எங்கள் டோடி மலை.

எல்ம்காரர்: "எங்கள்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அதன் உச்சி கிராவ்பூண்டன் மாநிலத்தின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதுமட்டுமல்ல, 1824இல் அந்த உச்சியில் முதலில் காலை வைத்தவர்கள், மலையின் மறுபக்கத்திலிருந்து ஏறிவந்த கிராவ்பூண்டன் வேட்டைக்காரர்கள் இருவர். உங்கள் ஊர்க்காரர்கள் அப்போது கீழே நின்றுகொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

லிந்தால்காரர்: வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிந்த் ஆற்றங்கரை முழுவதும் நூற்பாலையும் துணி அச்சிடும் ஆலையும் எழுந்த நூற்றாண்டு அது. அந்த ஆலைகளில் பட்ட பாட்டினால்தான் 1864இல் நம் மாநில மக்கள் திறந்தவெளிச் சபையில் கூடி, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இரவு வேலை கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். ஐரோப்பாவிலேயே முன்னோடியான தொழிலாளர் சட்டங்களில் ஒன்று அது. மலை ஏறாதவர்களுக்கும் வரலாறு உண்டு, சம்பந்தி.

எல்ம்காரர்: அதை எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. அதன் கீழே மார்ட்டின்ஸ்லோக்கைப் பற்றி எழுதுங்கள். எல்முக்கு மேலே உள்ள சிங்கல்ஹோர்னர் முகடுகளில் பாறையை ஊடுருவி ஒரு பெரிய துளை இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒருமுறையும் செப்டம்பர் இறுதியை ஒட்டி ஒருமுறையும் காலைச் சூரியன் அந்தத் துளை வழியாக நேரே எங்கள் தேவாலயத்தின்மீது ஒளி வீசுகிறது.

லிந்தால்காரர்: எத்தனை நேரம்?

எல்ம்காரர்: சில நிமிடங்கள்.

லிந்தால்காரர்: ஆண்டு முழுவதற்கும் சில நிமிடங்கள் வெயில் அடிப்பதையும் ஒரு பெருமையாகச் சொல்லும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்ம்காரர்: வானம் மூடியிருந்தால் அதுவும் கிடையாது, அப்படியிருந்தும் பார்க்க வருகிறார்கள் என்பதுதான் பெருமை. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? கீழே ஓடிவந்த தண்ணீரை மின்சாரம் செலவழித்து மறுபடியும் மேலே ஏற்றுகிறீர்கள்.

லிந்தால்காரர்: அதை ஏளனம் செய்யாதீர்கள். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் லிம்மர்ன் ஏரியின் நீரை முட்ஸே ஏரிக்கு ஏற்றி வைத்து, பற்றாக்குறை வருகிற நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறோம். ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் அணை கட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் அதைவிட நீளமான அணை கிடையாது. புதிய நிலையத்தின் திறன் மட்டும் 1,000 மெகாவாட்.

எல்ம்காரர்: உங்கள் தலைக்கு மேலே உள்ள பிரவுன்வால்டில் கார்கூட ஓடாது. 1907இல் போட்ட இழுவை ரயிலைத் தவிர அந்த ஊருக்கு வாகனம் போக வழியில்லை. 1,000 மெகாவாட்டை வைத்துக்கொண்டு யாருக்கு விளக்கு ஏற்றுகிறீர்கள்?

லிந்தால்காரர்: கார் இல்லாததைத்தான் அவர்கள் விற்றுப் பிழைக்கிறார்கள். சரி, பாறைகளைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். அதில் உங்களுக்குத்தான் உரிமை அதிகம்.

எல்ம்காரர்: (நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து) எங்கள் மலைகளைப் பார்க்கிற யாருக்கும் ஒரு நேர்க்கோடு கண்ணில் படும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பாறைக்கு வயது 3.5 கோடி முதல் 5 கோடி ஆண்டுகள். மேலே உள்ள பாறைக்கோ 25 கோடி முதல் 30 கோடி ஆண்டுகள். ஆல்ப்ஸ் மலை உருவானபோது தெற்கிலிருந்து தள்ளப்பட்ட பழைய பாறை, புதிய பாறையின்மீது பல கிலோமீட்டர் தூரம் வழுக்கி ஏறிவிட்டது. பேரனின் தோளில் தாத்தா ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போன கதைதான். இதற்காகவே 2008இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

லிந்தால்காரர்: அந்தக் கோட்டைப் பார்க்க எல்முக்குப் போக வேண்டியதில்லை, இந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சோல் ஊர்ப் பக்கம் உள்ள லோக்சைட்டில் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எல்ம்காரர்: சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பலகைக்கல்லை விட்டுவிடக்கூடாது. எங்கி ஊரின் சுரங்கத்தில் 1961 வரை பலகைக்கல் வெட்டி எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகையும் வீட்டுக் கூரையும் அதிலிருந்து வந்தன. கல்லைப் பிளந்தால் நடுவே பழங்காலத்து மீன் படுத்திருக்கும். எல்மில் அந்தக் கல்லுக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம். மலையின் அடிவாரத்தை முறையில்லாமல் குடைந்துகொண்டே போனார்கள். 1881 செப்டம்பர் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஏறத்தாழ ஒரு கோடி கன மீட்டர் பாறை சரிந்து விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்துவிட்டது.

லிந்தால்காரர்: அதற்கு நான்கு வரி விட்டுவைக்கிறேன், நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். இந்த ஷ்வாண்டனிலும் 2023 ஆகஸ்டில் மலைச்சரிவு வந்து பலர் வீடிழந்தார்களே, அதையும் பேத்தி அறிவாள்.

(எல்ம்காரர் எழுதுகிறார். இந்தப் பகுதியில் மட்டும் இருவருக்குள்ளும் தகராறு எழவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த பகுதியில் அதைச் சேர்த்து ஈடுகட்டிக்கொண்டார்கள்.)

லிந்தால்காரர்: இது என்ன, அடியில் "சுவோரவ்" என்று தொடங்கியிருக்கிறீர்கள்?

எல்ம்காரர்: 1799 அக்டோபரில் பிரெஞ்சுப் படைகளிடமிருந்து விலகிவந்த ரஷ்யத் தளபதி சுவோரவ், எல்மில் தங்கிவிட்டு, பனி கொட்டிக்கொண்டிருந்த பானிக்ஸ் கணவாயைத் தன் படையோடு கடந்தார். அவர் தங்கிய வீடு இன்றும் இருக்கிறது.

லிந்தால்காரர்: எத்தனை நாள் தங்கினார்?

எல்ம்காரர்: ஓர் இரவு.

லிந்தால்காரர்: ஓர் இரவு தங்கியவரைப் பற்றி இருநூறு ஆண்டுகளாகப் பேசுகிறீர்கள், நான் மாதத்தில் நான்கு முறை வந்து தங்குகிறேன், என்னைப் பற்றி யாரும் பலகை வைக்கவில்லை.

எல்ம்காரர்: அவர் வந்தபோது சாப்பாட்டில் குறை சொன்னதாக வரலாறு இல்லை, சம்பந்தி.

லிந்தால்காரர்: (தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு) நம் இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ள கேர்ப் மலைக்கு ஒரு வரி போதும். 1548இலேயே அங்கே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள்; ஐரோப்பாவின் மிகப் பழைய வனவிலங்குக் காப்பிடம் அது. மலையாடுகள் நமக்கு நான்கரை நூற்றாண்டு முன்பே எல்லையில்லாமல் மேயத் தொடங்கிவிட்டன, ஒரு கூட்டமும் போடாமல்.

எல்ம்காரர்: பரப்பளவை எழுதினீர்களா? 430 சதுர கிலோமீட்டர். சூரிச் நகரத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மாநிலத்தின் பாதிக்கும் அதிகமான நிலம் நம்முடையது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இணைந்த அன்று நாட்டிலேயே பரப்பில் மிகப் பெரிய ஊராட்சி நாம்தான்.

லிந்தால்காரர்: "ஆக இருந்தோம்" என்று எழுத வேண்டும். 2015இல் கிராவ்பூண்டன் மாநிலத்து ஷ்கோல் ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர்கள் ஐந்தைச் சேர்த்துக்கொண்டு 438 சதுர கிலோமீட்டர் என்று வந்து நின்றுவிட்டார்கள். எட்டே எட்டு சதுர கிலோமீட்டரில் முதலிடம் போயிற்று.

எல்ம்காரர்: பனிப்பாறை உருகியதைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். சரி, இந்த இணைப்பு எப்படி முடிவாயிற்று என்று எழுத இன்னும் ஆறு வரி இருக்கிறது.

லிந்தால்காரர்: 2006 மே 7. கிளாருஸ் நகரத்துத் திடலில் லாண்ட்ஸ்கெமைன்டே என்னும் மக்கள் சபை கூடிற்று. 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்பது அரசின் யோசனை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த குடிமகன் ஒருவர் மேடையேறி, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். மேடையில் நின்ற மாநிலத் தலைவர் உயர்ந்த கைகளை, எண்ணாமல், கண்ணால் அளந்து பார்த்து, மூன்றே வென்றது என்று அறிவித்தார். அரசே திகைத்துப்போயிற்று. அன்று உங்கள் கை எங்கே இருந்தது?

எல்ம்காரர்: (குரலைத் தாழ்த்தி) பத்து என்றால் பக்கத்து ஊரான மாட் எங்களோடு சேர்ந்துவிடுமோ என்று பயந்தேன். மூன்று என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள், குழப்பம் வந்து எல்லாம் பழையபடி இருந்துவிடும் என்று கணக்குப் போட்டு, மூன்றுக்குக் கையைத் தூக்கினேன்.

லிந்தால்காரர்: ரூட்டியை நினைத்து நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

எல்ம்காரர்: அந்தத் திடலில் இன்னும் எத்தனை பேர் அப்படித் தூக்கினார்களோ! ஆனால் பலர் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2007 நவம்பர் 25 அன்று சிறப்புச் சபை கூட்டி, மறுபடியும் கேட்டார்களே. அன்று நீங்கள் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

லிந்தால்காரர்: நீங்களும்தான் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

எல்ம்காரர்: எப்படி முடியும்? எனக்கு இடப்பக்கம் மாட் ஊர்க்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சென்ற ஆண்டு தூக்கிய கையை இந்த ஆண்டு கீழே வைத்தால் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டுவார் என்று, முன்பைவிட உயரமாகவே தூக்கினேன்.

லிந்தால்காரர்: பெரும்பான்மை தெளிவாக இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. இதை அப்படியே எழுதிவிடவா?

எல்ம்காரர்: எழுதுங்கள், மாட் என்ற பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். பேத்தியின் ஆசிரியை அந்த ஊர்க்காரர்.