பாட்டு சிக்கவில்லை சாமி, அப்படித்தான் போட்டிருக்கிறார்

"பாட்டு நடுவுல சிக்கிக்குது ப்ரோ, நல்ல ஃபைல் இருந்தா அனுப்புங்க."

2015 ஜூலையில் வந்த ஆல்பம். இன்னும் இந்த வரி ஓயவில்லை. டேம் இம்பாலா என்ற ஆஸ்திரேலிய சைக்கடெலிக் (போதை மயக்கம் போல ஒலியை வளைக்கிற இசை) பெயரில் வந்த 'கரண்ட்ஸ்' பற்றிப் பேச்செடுத்தால் மூன்றாவது ஆள் இதைக் கேட்டுவிடுவார். முதல் பாட்டு 'லெட் இட் ஹாப்பன்', ஏழே முக்கால் நிமிடம். நாலு நிமிடத்தை ஒட்டி ஒரு சின்னத் துண்டு மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடும், கீறல் விழுந்த சிடி மாதிரி. உடனே கேட்பவர் பதறிப்போய் ஃபோனை எடுக்கிறார், நெட் கம்பெனியைத் திட்டுகிறார், அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார். தாவிய கையோடு "ஓவர் ஹைப்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்.

அய்யா, கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போகும்? மாட்டிக்கொண்ட அந்தத் துண்டின் மேல் வயலின் கூட்டம் போல சிந்தசைசர் மெல்ல ஏறி வரும். துண்டு ஓடிக்கொண்டே இருக்கும், மேலே சுரம் மாறிக்கொண்டே போகும். கேட்கிற காதுக்கு இருப்பே கொள்ளாத நேரத்தில் டிரம்ஸ் வந்து இறங்கும். ஆல்பத்தின் ஆகச் சிறந்த இடம் அதுதான். சரியாக அதற்கு முன்னால் ஸ்கிப் பட்டனை அமுக்குகிறவர்கள்தான் பெரும்பாலும் முதல் விமர்சகர்கள்.

நெட் கோளாறா, பாட்டே அப்படியா என்று பிரித்துப் பார்க்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். நெட் தடுமாறினால் பாட்டு நின்றுபோகும், சத்தமே வராது, வட்டம் சுற்றும். ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டாது. சிடியில் உண்மையான கீறல் என்றால் லேசர் ஒரு சுற்று பின்னால் குதிக்கும். சிடி நிமிடத்துக்கு சுமார் 200 முதல் 500 சுற்று சுற்றுகிறது, ஆக ஒரு சுற்று என்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'டக் டக் டக்' என்று கேட்கும், அவ்வளவுதான். அதன் மேல் வேறொரு வாத்தியம் நிதானமாக வந்து உட்காராது. சந்தேகம் இருந்தால் வேறொரு போனில், வேறொரு செயலியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே நொடியில் 'சிக்கும்'. உலகத்தில் உள்ள எல்லா நெட்டும் ஒரே நொடியிலா கெட்டுப்போகும்?

அடுத்த ரகம்: "பேஸே இல்ல, ரொம்ப மெலிசா இருக்கு." எதில் கேட்டீர்கள் என்று கேட்டால் போன் ஸ்பீக்கர். சத்தம் பத்தாது என்று போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு வைக்கிற மகராசர்களும் உண்டு. சொம்பு, நடு அலைவரிசையில் ஒரு பகுதியை மட்டும் ஊதிப் பெருக்கும். போன் ஸ்பீக்கரில் வராத பேஸ் சொம்புக்குள் எங்கிருந்து வரும்? பேஸ் கிட்டாரின் கனத்த தந்தியைச் சும்மா தட்டினால் 41 ஹெர்ட்ஸ். விரல் நகம் அகலத்துக்கு இருக்கிற அந்த ஸ்பீக்கரோ 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். இந்த ஆல்பத்தின் முதுகெலும்பே பேஸும் டிரம்ஸும்தான். முதுகெலும்பை உருவி எறிந்துவிட்டு "நிமிர்ந்து நிற்கவில்லையே" என்றால் என்ன செய்ய?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 'தி லெஸ் ஐ நோ தி பெட்டர்' மட்டும் போன் ஸ்பீக்கரிலும் பிழைத்துக்கொள்கிறது. அந்தத் தொடக்க பேஸ் வரிசையில் மேல்சுரங்கள் தூக்கலாக இருக்கின்றன. அடிச்சுரம் காதுக்கு வராவிட்டாலும் மேல்சுரங்களை வைத்து மூளையே அதை நிரப்பிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி 2020இல் நடத்திய, பத்தாண்டின் 100 பாட்டுகளுக்கான வாக்கெடுப்பில் முதலிடம் இதற்குத்தான். நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் "அந்த ஒரு பாட்டுதான் தேறும், மீதி எல்லாம் சும்மா" என்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு பாட்டுதான் முழுசாகக் காதில் விழுந்திருக்கிறது. கடைசிப் பாட்டு 'நியூ பர்சன், சேம் ஓல்ட் மிஸ்டேக்ஸ்' போன் ஸ்பீக்கரில் தட்டையாக இழுத்துக்கொண்டு கிடக்கும். சுமாரான ஒயர் ஹெட்போனில் போட்டாலே போதும், அடியில் ஒரு மிருகம் நடந்து போவது தெரியும்.

ஒரு இயர்பட் எனக்கு, ஒன்று உனக்கு என்று பஸ்ஸில் பங்கு போட்டுக் கேட்கிற கூட்டம் இன்னொரு பக்கம். பாசம் எல்லாம் சரிதான். ஆனால் ஆளுக்குப் பாதி ஆல்பம்தான் கிடைக்கும். இடமும் வலமும் வேறு வேறாக நகர்கிற ஒலியை வைத்துக் கட்டிய சரக்கு இது. ஒரு பக்கத்தில் இருப்பது இன்னொரு பக்கத்தில் இருக்காது. பங்கு போட்டே தீருவேன் என்றால் போன் செட்டிங்கில் ஆக்சசிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கலந்து இருவருக்கும் ஒன்றே வரும். ஆனால் வீடு திரும்பியதும் மறக்காமல் ஆஃப் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டும்போது எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கிற (ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிற) ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அகலமாக விரிந்திருந்த சிந்தசைசர் சுருங்கி நடுவில் குந்திக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்கிறவர்களுக்கு அந்த வசதி அவசியம், அவர்களை இதில் இழுக்கவில்லை. எப்போதோ ஆன் செய்து மறந்துபோய் ஆறு மாதமாக மோனோவில் கேட்டுக்கொண்டு, "சைக்கடெலிக்னு சொன்னாங்க, ஒண்ணுமே சுத்தலையே" என்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

கிராஸ்ஃபேட். இதைப் பற்றிப் பேசினாலே ரத்தம் கொதிக்கிறது. ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற வசதி. ஸ்பாட்டிஃபையில் 12 நொடி வரை வைக்கலாம். கல்யாண வீட்டு பிளேலிஸ்ட்டுக்கு நல்லது. இந்த ஆல்பத்தில் 'காசிப்' என்று ஒரு இடைத்துண்டு இருக்கிறது, மொத்தமே 55 நொடி. முன்னால் 12, பின்னால் 12, ஆக 24 நொடி பக்கத்துப் பாட்டுகளோடு குழம்பிப் போகிறது. மிஞ்சுவது 31 நொடி. அப்புறம் வந்து "காசிப் எதுக்குன்னே புரியல, ஃபில்லர்" என்று எழுதுகிறார்கள். 'நாங்ஸ்' ஒன்றே முக்கால் நிமிடம், அதற்கும் இதே கதி. (நாங்ஸ் என்றால் ஆஸ்திரேலியக் கொச்சையில் கிரீம் அடிக்கிற நைட்ரஸ் ஆக்சைடு குப்பி. "என்ன பேர்யா இது, அர்த்தமே இல்ல" என்பவர்களுக்காக.) கிராஸ்ஃபேடைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து 'கேப்லெஸ்' (பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடாத வசதி) மட்டும் ஆன் செய்தால் முடிந்தது வேலை. ஷஃபிளையும் ஆஃப் செய்யுங்கள். 13 பாட்டு, 51 நிமிடம், வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

சரி, நல்ல இயர்போன், கிராஸ்ஃபேட் இல்லை, எல்லாம் ஒழுங்கு. அப்போதும் ஒருவர் வருவார்: "தண்ணிக்குள்ள பாடுற மாதிரி கொழகொழன்னு இருக்கு." இந்தக் கருத்தை மட்டும் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஆல்பம் முழுக்க பேசர், ஃபிளாஞ்சர் என்று ஒலியைச் சுழற்றுகிற வித்தைகள் புழங்குகின்றன. ஃபிளாஞ்சர் என்பது ஒலியின் நகல் ஒன்றை எடுத்து, சில மில்லி நொடி தள்ளி, மூலத்தோடு சேர்ப்பது. சில அலைவரிசைகள் அடிபட்டுப் போகும், சில தூக்கலாகும். தள்ளுகிற அளவை மெல்ல மாற்றிக்கொண்டே போனால் அந்தப் பள்ளங்களும் நகரும், தலைக்கு மேல் விமானம் போகிற மாதிரி 'ஷ்ஷ்ஊஊ' என்று கேட்கும். இது வேண்டுமென்றே செய்த வேலை.

இதே மாதிரி ஒரு கொழகொழப்பு, பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு) குறைந்தாலும் வரும். டேட்டா மிச்சம் பிடிக்கிற செட்டிங்கில் ஓடும்போது முதலில் பலியாவது சிம்பல் சத்தம். அது தகரத்தில் தண்ணீர் ஊற்றினாற்போல ஆகும். சாதாரணப் பாட்டில் உடனே கண்டுபிடித்துவிடலாம். இந்த ஆல்பத்தில் எது பேசர், எது கோடெக் (ஒலியைச் சுருக்குகிற மென்பொருள்) செய்த அசிங்கம் என்று காதுக்குப் பிடிபடாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 51 நிமிடத்துக்கு 96 கேபிபிஎஸ் என்றால் சுமார் 37 எம்பி, 320 என்றால் சுமார் 122 எம்பி. 85 எம்பி மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பாடு. வைஃபையில் ஒரு தடவை தரவிறக்கி வைத்துக்கொண்டால் அந்தச் செலவும் இல்லை.

லேப்டாப்பில் புளூடூத் ஹெட்செட் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பின்னணியில் மீட்டிங் செயலி ஏதாவது மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஹெட்செட் பாட்டு முறையை விட்டு அழைப்பு முறைக்குத் தாவிவிடும். ஒற்றைச் சேனல், சாம்பிள் வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். அதாவது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. பழைய டெலிபோனில் காதை வைத்துக் கேட்கிற கதை. மைக் இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்வு செய்தால் தீர்ந்தது. 'டிசைப்பிள்ஸ்' பாட்டு வேண்டுமென்றே மெலிந்த ஒலியில் தொடங்கி நடுவில் திறந்துகொள்ளும். திறக்கவே இல்லை என்றால் உங்கள் பக்கம்தான் எங்கோ கதவு சாத்தியிருக்கிறது.

ஈக்வலைசர் ஆட்கள் தனி ஜாதி. 'பேஸ் பூஸ்டர்' போட்டுவிட்டு, "டிரம்ஸ் கிழியுது, மிக்ஸிங் தெரியாத ஆளு" என்பார்கள். டிரம்ஸைக் கம்ப்ரசரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கருவி) நசுக்குவது இந்த ஆல்பத்தைப் போட்ட கெவின் பார்க்கரின் கையெழுத்து. ஒவ்வொரு அடிக்கும் பிறகு சிம்பல் மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனால் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டு நிற்கிற ஒலியில் நீங்கள் இன்னும் 6 டெசிபல் பேஸ் ஏற்றினால் அது எங்கே போகும்? தலை தட்டிக் கிழியும், இல்லாவிட்டால் சத்தம் எல்லை தாண்டாமல் காக்கிற போனின் லிமிட்டர் மொத்தத்தையும் அமுக்கும். கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) விழுகிற ஒவ்வொரு தடவையும் குரல் உள்ளே போய் வந்தால் அது லிமிட்டர் வேலை. பேஸ் வேண்டுமென்றால் முதலில் ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தையும் ஆள்கிற ப்ரீஆம்ப்பை 6 டெசிபல் இறக்குங்கள், பிறகு ஏற்றுங்கள்.

இதெல்லாம் தெரியாமல் செய்வது, மன்னிக்கலாம். தெரிந்தவர்கள் போல எழுதுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. "கிட்டார் எங்கே? 2010இல் வந்த 'இன்னர்ஸ்பீக்கர்'தான் சைக்கடெலிக், இது டிஸ்கோ, விலை போயிட்டாங்க." சைக்கடெலிக் என்ன கிட்டார் கடையில் கிலோ கணக்கிலா விற்கிறது? 1966இல் லண்டன் ஏபி ரோட் ஸ்டுடியோவில் பொறியாளர் கென் டவுன்செண்ட் இரண்டாவது டேப் மெஷினை வைத்துக் குரலைத் தானாக இரட்டிப்பாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துச் சைக்கடெலிக் ஒலியில் பெரும்பங்கு இந்த மாதிரி டேப் வித்தைதான். மெஷினை வைத்து ஒலியை வளைப்பதுதான் அந்த மரபு என்றால், 'கரண்ட்ஸ்' அதன் நேர் வாரிசு. வளைப்பதற்கு இவர் சிந்தசைசரையும் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"விலை போயிட்டாங்க" என்பதில் 'ங்க' வேறு. யாரைச் சொல்கிறீர்கள்? மேடையில் நிற்கிற ஐந்து பேரையா? இந்த ஆல்பத்தை எழுதி, எல்லா வாத்தியமும் வாசித்து, பாடி, பதிவு செய்து, மிக்ஸ் செய்தது கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் வீட்டு ஸ்டுடியோவில். முந்தைய இரண்டு ஆல்பத்தையும் மிக்ஸ் செய்த டேவ் ஃப்ரிட்மன்கூட இதில் இல்லை. "அந்த பேசிஸ்ட் செம" என்று எழுதுகிறவர்களே, அந்த பேசிஸ்டும் டிரம்மரும் பாடகரும் ஒருவரேதான்.

ரிஹானா விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ரிஹானாவும் 'ஆன்டி' ஆல்பத்தில் இந்தக் கடைசிப் பாட்டைப் பாடியிருக்கிறார், ஆனால் இது அவரிடமிருந்து சுட்டது இல்லை. 'கரண்ட்ஸ்' 2015, ரிஹானாவின் 'ஆன்டி' 2016. தேதியைப் பார்க்கத் தெரியாதவர் ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

"வினைலில் கேட்டாத்தான் உண்மை" கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. கணினியில் பதிவான ஆல்பத்துக்கு அனலாக் ஆத்மா தேடுகிறீர்கள். இரண்டு தட்டு, நாலு பக்கம். சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் புரட்டிப் போட வேண்டும். அட்டைப்படம் பெரிசாகக் கிடைக்கும், அதற்காக வாங்கலாம். ராபர்ட் பீட்டி வரைந்தது, ஓடுகிற திரவத்தில் ஒரு பொருளை வைத்தால் அதன் பின்னால் சுழல்கள் உரிந்து போகுமே, அந்தப் படம்தான்.

குறை சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். 'காஸ் ஐம் எ மேன்' பாட்டில் ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று சாக்குச் சொல்கிறாரா, அந்தச் சாக்கையே கிண்டல் செய்கிறாரா? சண்டை போட நல்ல இடம். 'பாஸ்ட் லைஃப்' பாட்டில் தாழ்த்திப் போட்ட அந்தப் பேச்சுக்குரல் நாலாவது தடவை கேட்கும்போது அலுக்கிறது, எனக்கும்தான். பின்பாதியில் 'ரியாலிட்டி இன் மோஷன்' முன்பாதிப் பாட்டுகளுக்கு முன்னால் நிற்காது. இப்படி ஒன்றைச் சொல்லுங்கள், ராத்திரி பூரா பேசலாம்.

அதை விட்டுவிட்டு நேற்று ஒருத்தர், 'யெஸ் ஐம் சேஞ்சிங்' பாட்டு நடுவில் ரோட்டுச் சத்தம் வருகிறதாம், ஹாரன் அடிக்கிறதாம், "ரெக்கார்டிங் பண்ணும்போது ஜன்னலைச் சாத்தலையா?" என்று கேட்டிருக்கிறார். கீழே நாற்பது பேர் லைக்.