பீடித்தட்டும் பி.ஏ. வகுப்பும்

கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் நெல்லைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அதில் 'இல்லத்தரசி' என்று எழுதுகிறார்கள். அந்த அம்மாக்களோ காலையில் சோற்றை வடித்த கையோடு பீடித்தட்டை மடியில் தூக்கி வைத்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை சுற்றுகிறவர்கள். அதே பிள்ளை கொஞ்ச நாள் கழித்துக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை நகலெடுத்து இணைக்கிறது. ஒரு படிவத்தில் தொழில் இல்லாதவர், இன்னொன்றில் தொழிலாளி. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து செய்வதெல்லாம் வேலையில் சேர்த்தியா என்றுதான் ஊரும் கேட்கிறது. பாடப்புத்தகமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

நான் இளங்கலை வரலாறு நடத்துகிறவள். பல வருடமாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். நம் கலைக் கல்லூரிகளில் தமிழ் படித்தாலும் வரலாறு படித்தாலும் பொருளியல், ஆங்கிலம் எது படித்தாலும், உழைப்பைப் பற்றியும் உழைக்கிற மக்களைப் பற்றியும் ஒரு முழுத் தாள் கட்டாயமாக இருக்க வேண்டும். விருப்பப் பாடம் என்று ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் போதாது.

இப்போது என்ன இருக்கிறது? பொருளியலில் நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என்ற நான்கு உற்பத்திக் காரணிகளில் ஒன்றாக உழைப்பு வருகிறது. ஒரு வளைகோடு வரைந்து, கூலி எங்கே நிற்கும் என்று குறித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். வணிகவியலிலும் பி.பி.ஏ.விலும் மனிதவள மேலாண்மை இருக்கிறது. ஆள் தேர்வு, பயிற்சி, ஊக்கத்தொகை, ஒழுங்கு நடவடிக்கை என்று ஆளை வேலைக்கு எடுப்பவரின் நாற்காலியிலிருந்து பார்க்கிற படிப்பு அது. தேவையான படிப்புதான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி அதில் அதிகம் கிடைக்காது. சென்னையில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ. பட்டமே தருகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவரைக் காண்பதே அரிது.

இன்னொரு பக்கம், லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் உழைப்பு, சாதி, பாலினம் என்றெல்லாம் அருமையான தாள்களை வைத்திருக்கின்றன. நடத்தட்டும், நல்லதுதான். அங்கே யாருடைய வாழ்க்கையை ஆராய்கிறார்களோ, அவர்களுடைய பிள்ளைகள் இங்கே எங்கள் வகுப்பில் உட்கார்ந்து முகலாயர் நிர்வாகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

வ.உ.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் கப்பல் விட்டது தெரியும், செக்கிழுத்தது தெரியும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள் என்றால் முழிக்கிறார்கள். கேட்டது கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. 12ஆம் தேதி தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தூத்துக்குடியில் துப்புரவுப் பணியாளர்களும் நாவிதர்களும் வண்டிக்காரர்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். இதை நடத்தியபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "முடி வெட்டுறவங்களுமா மேம்?" என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு சலூன் கடை என்பது எனக்குத் தெரியும். சுதந்திரப் போராட்டம் என்றால் வக்கீல்களும் தலைவர்களும் நடத்தியது என்றே பத்துப் பன்னிரண்டு வருடம் படித்து வந்தவன் அவன். அந்தக் கேள்வியை அவன் கேட்க நேர்ந்ததற்கு நம் பாடத்திட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்படித்தான் சொல்லித்தர முடியும். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. சேர்ந்துகொண்டார். அந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்த பக்கிங்காம், கர்நாட்டிக் நெசவாலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. கூலி கேட்க ஆட்களைத் திரட்டியதற்கே வழக்கு வரும் என்றால் சங்கம் எப்படி நடத்துவது? இந்தக் கேள்வி தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி வழியாக 1921இல் மத்திய சட்டமன்றத்துக்குப் போனது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பெரம்பூர் ஆலை வாசலிலிருந்து டெல்லி வரை போன ஒரு வழி அது. 'இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் - 1926' என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதுகிற பிள்ளைக்கு அந்த வழி தெரிய வேண்டாமா?

அதே ஆலையில் 1921 வேலைநிறுத்தம் வேறொன்றையும் காட்டியது. தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் தம் மக்கள் பக்கம் நின்று பேசியதில் நியாயம் இருந்தது. சங்கம் தொழிலாளர் எல்லோருக்கும் என்று சொன்னாலும், சேரியில் இருப்பவருக்கு அந்தச் சங்கத்தில் என்ன இடம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. உழைப்பைப் பற்றிய படிப்பு வெறும் போராட்டப் பெருமையாக இருக்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். யார் எந்த வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள், மலக்குழிக்குள் இறங்குவது இன்றும் ஏன் பெரும்பாலும் பட்டியல் சாதியாரே, நாற்று நடும் பெண்ணுக்கும் வரப்பு வெட்டும் ஆணுக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது, இவையெல்லாம் இலக்கியமும் வரலாறும் சமூகவியலும் சேர்ந்து பதில் தேட வேண்டிய கேள்விகள். மேலாண்மைத் துறைக்கு இதில் வேலை குறைவு.

2025 நவம்பர் 21 அன்று, 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அந்த 1926 சட்டமும் போய்விட்டது, 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் போய்விட்டது. இனி எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு இப்படி ஒரு கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் இருந்தது. தொழிலாளியின் கையை இது கட்டுகிறது என்பது என் கருத்து. முறைப்படுத்துகிறது என்று வாதிடுவோரும் உண்டு. வாதம் நடக்கட்டும். பட்டம் வாங்கி மே மாதம் வேலைக்குச் சேரப்போகிற பிள்ளைக்கு அந்த வாதத்தில் ஒரு வாக்கியம் பேசத் தெரியவில்லையே என்பதுதான் என் கவலை.

போன வருடங்களில் ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். வீட்டில் வேலை சம்பந்தமாக இருக்கிற காகிதம் எதையாவது கொண்டு வாருங்கள் என்றேன். மில் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை, பி.எஃப். என்ற சேமநிதி பாஸ்புக், கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை, துபாய் கம்பெனி ஒப்பந்தம், கரைக்கு வந்த மீனை எடை போட்ட துண்டுச் சீட்டு என்று வந்தன. கல்வெட்டைப் படிப்பது மாதிரி வரி வரியாக உட்கார்ந்து படித்தோம். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார்? வரலாற்றுத் துறையில் ஆவணத்தைக் கேட்கிற அதே கேள்விகள்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. என்பதும், அதில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. மருத்துவமனை வரிசையில் அம்மாவோடு சின்ன வயதிலிருந்து நின்றவர்கள் அவர்கள்.

பீடிக் காகிதங்கள்தான் எல்லாவற்றிலும் அதிகம் பேச வைத்தன. கடையில் இலையும் தூளும் நூலும் எடைபோட்டுத் தருவார்கள். ராத்திரி இலையை நனைத்து வைத்து, காலையில் அளவுக்கு வெட்டி, சுற்றி, முனை மடக்கி, 25 எண்ணிக் கட்டு கட்டிக் கொண்டுபோனால் சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. இலை மட்டமாக இருந்து ஆயிரம் எண்ணம் தேறாவிட்டால், சுற்றுகிறவர் தன் கைக்காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். இலை தருவதிலும் கழிவிலும் தகராறு வந்தால் அதிகாரியிடம் முறையிடலாம் என்று 1966 சட்டத்திலேயே இருந்தது. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு மாணவி வீட்டிலிருந்த பி.எஃப். பாஸ்புக்கில் பல மாதங்கள் வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். வேலை நடந்த மாதங்கள்தான் அவை. பாட்டி பெயரில் கணக்கு, சுற்றியது அம்மா, விடுமுறையில் சுற்றியது இவள். மூன்று தலைமுறைப் பெண்களின் உழைப்பு ஒரே பெயரில் கலந்து கிடக்கிறது. அவள் அதை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நான் படித்த மிக நல்ல மாணவர் கட்டுரைகளில் அது ஒன்று.

தமிழ்த் துறை நண்பர்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைக்கிறவர் பாடும் ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பார்கள். அந்தப் பாட்டு, எத்தனை சால் தண்ணீர் இறைத்தாயிற்று என்று எண்ணுகிற கணக்கும் கூட. பாடுகிறவன் எண்ணிக்கையைப் பாட்டுக்குள் வைத்துக்கொண்டே போவான். அதை நாட்டார் இலக்கியம் என்று நடத்தும்போது சந்தத்தைச் சொல்கிறோம், அவன் எத்தனை மணிக்கு எழுந்து வந்தான், யார் கிணறு, என்ன கூலி என்பதை விட்டுவிடுகிறோம். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நாட்டுப்பாடல்களைச் சேகரித்து, அவற்றில் மக்கள் வாழ்க்கையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நெல்லை ஆய்வுக் குழுவும் 'ஆராய்ச்சி' இதழும் அப்படி வந்தவை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் அவர் செய்ததை, துறையும் நூலகமும் சம்பளமும் வைத்துக்கொண்டு நாம் செய்யக் கூடாதா?

பிள்ளைகளே இன்று தொழிலாளர்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். முகூர்த்த நாளில் ஆண்பிள்ளைகள் பெஞ்ச் பாதி காலியாக இருக்கும், கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் பெண்கள் ஜவுளிக்கடையில் நிற்பார்கள். கடைகளில் வேலை செய்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் சத்தமாகச் சிரித்துவிட்டு, பிறகு அந்தச் சட்டத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டாள். ராத்திரி உணவு டெலிவரி செய்துவிட்டு காலையில் முதல் மணிக்குத் தூங்கி விழுகிற பையனை வெளியே நிறுத்துவது சுலபம். அவன் செய்கிற வேலையில் முதலாளி யார், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று அவனோடு உட்கார்ந்து யோசிப்பது பாடம்.

இதற்கு எனக்கு வந்த எதிர்ப்பில் கனமானது ஒன்று. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "டீச்சர், இவ இந்தத் தட்டத் தொடக் கூடாதுன்னுதான படிக்க அனுப்புதேன். நீங்க அதையே பாடமா நடத்துதியளே?" விரலில் இலை வெட்டின தழும்போடு இருப்பவர் கேட்கிற கேள்வி. அவர் சொல்வது முழுக்கச் சரி. மகள் பீடி சுற்றக் கூடாது. நான் அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அம்மா சுற்றியதைப் பற்றித் தெரிந்துகொள்வதால் யாரும் தட்டுக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். அதை மறைக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைதான் நாளைக்கு அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும், பத்து மணி நேரம் வேலை வாங்கினாலும் கேட்கக் கூச்சப்படும். அம்மா சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை. "என்னமோ டீச்சர், மார்க்கு குறையாம பாத்துக்கிடுங்க" என்று போய்விட்டார்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2இல் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பதவி இருக்கிறது, மனிதவளத் துறைகள் இருக்கின்றன, சட்டப் படிப்புக்குப் போகலாம், பத்திரிகைக்குப் போகலாம். ஆனால் நான் இந்தத் தாளைக் கேட்பது அதற்காக அல்ல. எந்த வேலைக்குப் போனாலும் அங்கே அவர்கள் தொழிலாளிகள்தான் என்பதற்காக.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்தை மாற்ற அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, கல்லூரியின் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புக்கொண்டால் போதும். அடுத்த கூட்டத்துக்கு நான் வரைவு தயாரித்துவிட்டேன். முதல் அலகு வீட்டுக் காகிதங்கள். இரண்டாவது, தூத்துக்குடி 1908, பெரம்பூர் 1918, புளியந்தோப்பு 1921, கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி 1968. மூன்றாவது தொழிற்பாடல்கள். நான்காவது இன்றைய நான்கு சட்டத் தொகுப்புகள், அசல் வாசகத்தோடு. ஐந்தாவதுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு தொழிலாளியிடம் அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதி, எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களோடு சமர்ப்பிக்க வேண்டும். மதிப்பெண் போடுவதில் இந்த ஐந்தாவது அலகுக்குத்தான் குழுவில் சண்டை வரும் என்று எதிர்பார்க்கிறேன். வேறு கல்லூரிகளில் இப்படி ஏதாவது நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் வினாத்தாளையும் மதிப்பெண் முறையையும் அனுப்பிவையுங்கள். கூட்டத்துக்கு முன்னால் கையில் இருந்தால் உதவியாக இருக்கும்.