தராசில் ஏறாத மீனுக்கு எடை எழுதாதீர்கள்

நேற்று ஒரு மீன்பிடிப் பக்கத்தில் போட்ட ராட்சதக் கெளுத்தி மீன் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "300 கிலோ, உலக சாதனை" என்று போட்டிருந்தார்கள். "நீளம் சரி, எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். பொறாமை பிடித்தவன், ஏசி அறை மீனவன், இன்னும் என்னென்னவோ. ஏசி அறை என்றே இருக்கட்டும். தராசு அங்கேயும் தராசுதான்.

அது 2023 மே மாதம் இத்தாலியின் போ ஆற்றில் தூண்டிலில் சிக்கிய வெல்ஸ் கெளுத்தி, ஐரோப்பிய ஆறுகளின் பெரிய கெளுத்தி இனம். நீளம் 285 செ.மீ. பிடித்தவர் அளந்து பார்த்துவிட்டு, மீன் சோர்ந்துவிடக் கூடாது என்று எடை போடாமலே ஆற்றில் விட்டார். போடாத எடையை நம் ஆட்கள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! அதே ஆற்றில் 2010-ல் பிடிபட்டு, ஐஜிஎஃப்ஏ என்ற சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் எடைச் சாதனைப் பட்டியலில் ஏறிய வெல்ஸ் 134.97 கிலோ. 300 எங்கே, இது எங்கே?

"நீளத்தை வைத்துக் கணக்குப் போடலாமே" என்கிறார் ஒருவர். போடுங்கள். உடல்வாகு மாறாத வரை எடை நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். 275 செ.மீ. மீனை 285 என்று எழுதினால் எடை 11 சதவீதம் எகிறும். டேப்பை வயிற்று வளைவோடு ஓட்டினாலே அந்தப் பத்து செ.மீ. வந்துவிடும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, தரையில், நேர்கோட்டில் அளக்க வேண்டும். அப்படியே சரியாக அளந்தாலும் சினை மீனும் சினை விட்ட மீனும் ஒரே எடையா? சந்தையில் கெளுத்தி வாங்குகிறவரைக் கேளுங்கள்.

படத்தில் பெரிதாகத் தெரிகிறதே என்பவர்களுக்கு: மீன் முன்னால், ஆள் பின்னால், அகலக் கோண லென்ஸ். இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"எடை போட்டால் மீன் செத்துவிடும், உனக்கு இரக்கமே இல்லையா?" இதுதான் வலித்தது. 2022-ல் கம்போடியாவில், மீகாங் ஆற்றில், 300 கிலோ திருக்கையை எடை போட்டு உயிரோடுதான் விட்டார்கள். முறை இதுதான்: மீனைத் தாங்கும் தொட்டில் துணியை நனைத்து, முதலில் தராசில் மாட்டி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஈரத் துணியே சில கிலோ இழுக்கும். பிறகு மீனைக் கிடைவாக்கில் ஏற்றி, நாலு விரல் உயரம் தூக்கி, முள் நின்றதும் இறக்கிவிட வேண்டும். தராசு கரையில் நிற்க வேண்டும், ஆடும் படகில் அல்ல. ஆனால் ஆளும் தொட்டிலும் இல்லாத இடத்தில் எடை போடாமல் விடுவதுதான் சரி. அந்த இத்தாலியர் செய்ததும் அதுதான். அவரை நான் எங்கே குறை சொன்னேன்?

இரக்கம் பேசும் அதே பக்கத்தில் போன மாதம் பாருங்கள்: செவுளில் கயிறு கோத்து, வால் தரையில் தட்ட, தொங்கவிட்ட மீன். முழு உடம்பும் தாடையில் தொங்கினால் உள்ளுறுப்பும் முதுகெலும்பும் என்னாகும்? அதற்கு ஆயிரம் ஹார்ட்டின்.

பதிவில் இன்னமும் 300 கிலோதான் இருக்கிறது. என் கேள்வியைத்தான் அழித்திருக்கிறார்கள்.