ஷ்னாபெலின் வேகத்துக்கு இசைத்தட்டு காரணமில்லை
"நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டில் ஒரு பக்கம் நாலரை நிமிடம்தான், அதில் அடக்கவே பியானோ கலைஞர் ஷ்னாபெல் பீத்தோவனின் ஹாமர்கிளேவியர் பியானோ சொனாட்டாவை அவசரமாக வாசித்தார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்தின் கால அளவு சரி, முடிவு தவறு. நீண்ட பகுதிகளை அடுத்தடுத்த பக்கங்களில் தொடர்ந்து பதிவு செய்வதே அன்றைய வழக்கம். இதே சொனாட்டாவின் மூன்றாம் பகுதியை அவர் ஏறத்தாழ 18 நிமிடம் நிதானமாக வாசித்திருக்கிறாரே! தட்டுக்குப் பயந்தவர் அங்கே அல்லவா ஓடியிருக்க வேண்டும்?

முதல் பகுதியின் வேகம் பீத்தோவனே குறித்தது: நிமிடத்துக்கு 138 அரைச்சுரங்கள் (முழுச்சுரத்தில் பாதி நேரம் ஒலிப்பவை). பெரும்பாலான கலைஞர்கள் அதை எட்டமுடியாதது என்று ஒதுக்கிவிட, ஷ்னாபெல் நெருங்கிப் பார்க்கத் துணிந்தார். அதனால்தான் அங்கங்கே சுரங்கள் சிதறுகின்றன. அப்போது ஒட்டுவேலை செய்ய ஒலிநாடா கிடையாது. ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் புதிய மெழுகுத் தட்டில் மறுபடி வாசிக்க வேண்டும். 1932 முதல் 1935 வரை லண்டன் அபே ரோடு அரங்கில் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் அவர் பதிவு செய்தது இப்படித்தான்.

இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு அந்த மூன்றாம் பகுதியை மட்டுமாவது முழுதாகக் கேளுங்கள். அவ்வளவு மெதுவான வாசிப்பிலும் இழை எங்குமே அறுவதில்லை.