துணி அடித்த பாட்டுக்கு டிரம்ஸ் எதற்கு?

பழைய பாட்டோடு கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் போதும், "கெடுத்துட்டாங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஸ்காட்லாந்தின் பழைய பாட்டுகளைப் புதுக் கருவிகளோடு பாடும் கேப்பர்கேலி என்ற இசைக்குழுவைப் பற்றியும் இதே புகார் உண்டு. ஒரு வாரமாக அவர்கள் பாட்டுதான் என் காதில். எனக்கு அந்தப் புகாரில் துளியும் உடன்பாடில்லை.

1984இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஓபன் ஊரின் பள்ளிப் பிள்ளைகள் தொடங்கிய குழு இது. டொனால்ட் ஷா அக்கார்டியனும் கீபோர்டும் வாசிப்பார், காரென் மாத்தீசன் பாடுவார். காரெனின் பாட்டி பாரா தீவுக்காரர், அவரும் பாடகி. முதலில் ஃபிடில், அக்கார்டியன் என்றுதான் இருந்தார்கள். அப்புறம் பேஸ் கிட்டார், டிரம்ஸ், சின்தசைசர் எல்லாம் வந்தன. 1992இல் இவர்களுடைய 'கோஷிஹ் அ ரூன்' பிரிட்டனில் அதிகம் விற்கும் முதல் 40 பாட்டுகளின் பட்டியலில் ஏறியது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கில் ஒரு பாட்டு அந்தப் பட்டியலுக்குள் போனது அதுவே முதல் தடவை. பாட்டுக்கு வயது ஏறக்குறைய 400.

அது எங்கே பாடப்பட்ட பாட்டு என்று தெரிந்துகொண்டால் இந்தச் சண்டையே வராது. ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைப் பல நாள் சேர்த்துவைத்த சிறுநீரில் ஊறப்போடுவார்கள். அதிலிருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும், சாயத்தைப் பிடிக்க வைக்கும். பிறகு நீளமான பலகையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, ஈரத் துணியைப் பலகையில் தட்டி, இழுத்து, பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிடுவார்கள். துணி சூரியன் சுற்றும் திசையில்தான் போக வேண்டும், எதிர்த்திசை ஆகாது. ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவர்கள் 'ஹூ இல் ஓரோ' என்று சேர்ந்து எடுப்பார்கள். அதற்கு அர்த்தம் கிடையாது. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான். துணி சுருங்கித் தடிக்கிற வரைக்கும் பாட்டு மேல் பாட்டாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆக, தாளக்கருவி அந்தப் பாட்டில் முதல் நாளே இருந்தது. அது ஒரு பலகை. ஆலைகள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் பலகை போய்விட்டது. பலகை இல்லாமல் ஒற்றைக் குரலில், அடக்கமாக ஒரு மேடையில் நின்று பாடுவதைத்தான் 'அசல்' என்கிறார்கள். எனக்கென்னவோ அதில்தான் ஏதோ குறைகிறது. டிரம்ஸ் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது.

அவர்கள் செய்த எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 90களின் சின்தசைசர் ஒலி சில பாட்டுகளில் இன்று பழசாகிவிட்டது. அன்றைக்குப் புதுசு என்று சேர்த்ததுதான் இப்போது நரைத்துத் தெரிகிறது, காரெனின் குரலும் அந்த 400 வருஷத்து மெட்டும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று, டிரம்ஸை ஏற்றி ஏற்றிச் சொல்லே கேட்காமல் செய்கிற குழுக்களை என்னால் தாங்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுபவர்கள் சுமார் 57,000 பேர்தான். அப்படிப்பட்ட மொழியில் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். கேப்பர்கேலி அதில் கவனமாக இருந்தார்கள். எத்தனை கருவி வாசித்தாலும் குரல்தான் முன்னால் நிற்கும்.

காதலனை 'நட, கொடுத்த வாக்கைக் காப்பாற்று' என்று கூப்பிடுகிற பாட்டு 'கோஷிஹ் அ ரூன்'. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டாவது 'ஹூ இல் ஓரோ' வருவதற்குள் உங்கள் கை தட்ட ஆரம்பித்திருக்கும்.